கம்ப்யூட்டருடன் செஸ் ஆடிப் பழகுகிறவர்களுக்கு: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் செஸ்ஸை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். எதிரில் உட்கார ஆள் கிடைக்கவில்லை. மனைவிக்கு இதில் ஆர்வமில்லை, மகனுக்கு என் ஆமை வேகம் சரிப்படாது. மிச்சம் இருந்தது போன். இரண்டு வருஷமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எஞ்சினோடு, அதாவது செஸ் ஆடும் நிரலோடு, ஓர் ஆட்டமாவது ஆடிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். அதில் எனக்கு வந்த கோளாறுகளையும், என்னைப்போலவே தாமதமாக ஆரம்பித்த நண்பர்கள் கேட்ட கேள்விகளையும் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். முழுக்கப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

பெயர்க் குழப்பம் வராமலிருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வீடுகளில் பிஷப்தான் மந்திரி, சில வீடுகளில் ராணியே மந்திரி. இங்கே ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். கட்டங்களுக்கு, வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச்; கீழிருந்து மேலாக 1 முதல் 8.

எதற்கும் முன்னால்: அமைப்பைப் பாருங்கள்

மிக்ஸி ஓடவில்லை என்றால் முதலில் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்றுதானே பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான். பல செயலிகள் கடைசியாக ஆடிய நிலையை அப்படியே நினைவில் வைத்திருக்கும். மகன் முழு பலத்தில் வைத்து விளையாடிவிட்டுப் போனது தெரியாமல் ஒரு வாரம் அடி வாங்கிக்கொண்டு, எனக்கு மூளை மங்கிவிட்டது என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

அடுத்து, நகர்த்தலைத் திரும்ப எடுக்கும் பொத்தான், குறிப்பு கொடுக்கும் பொத்தான், யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஓரத்தில் ஏறி இறங்கிக் காட்டும் மதிப்பீட்டுக் கோடு மூன்றையும் அணைத்துவிடுங்கள். திரும்ப எடுப்பதைவிட மோசமானது அந்தக் கோடுதான் என்பேன். அது சட்டென்று உங்கள் பக்கம் ஏறினால் 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று காதில் ஓதியதாக அர்த்தம். தேடிக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை, தேட வேண்டிய நேரம் இது என்று தெரிவதுதான். அந்தப் பாதியைக் கோடு செய்துவிட்டால் நீங்கள் பழகுவது மீதிப் பாதியை மட்டுமே.

கடைசியாகக் கடிகாரம். தலைக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்று வையுங்கள். கடிகாரம் இல்லாமல் ஆடினால் நிதானமாக யோசிப்போம் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் பதில் நகர்த்தும். அந்த வேகம் நம்மையும் தொற்றிக்கொள்ளும். 40 நகர்த்தல் ஆட்டத்தை 4 நிமிடத்தில் முடித்துவிட்டு, தோற்றதற்குக் காரணம் தேடுவோம். கடிகாரம் இருந்தால் கடைசியில் 17 நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருப்பது கண்ணில் படும். கொஞ்சம் வெட்கமாவது வரும்.

அறிகுறி: 'கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது'

ஏமாற்றாது. நாம் சின்ன வயதில் திண்ணையில் கற்றுக்கொண்டது வீட்டு விதி, அது ஆடுவது சர்வதேச விதி. பெரும்பாலும் மூன்று இடங்களில் இடிக்கும்.

உங்கள் சிப்பாயை டி2-இலிருந்து டி4-க்கு இரண்டு கட்டம் தள்ளுகிறீர்கள். பக்கத்தில் இ4-இல் நின்ற கறுப்புச் சிப்பாய் டி3-க்குச் சாய்வாக இறங்குகிறது. உங்கள் சிப்பாயைக் காணோம். இதற்கு ஆன் பசான் என்று பெயர். இரண்டு கட்டம் தாவிய சிப்பாயை ஒரு கட்டம்தான் வந்தது என்று வைத்து வெட்டலாம். ஆனால் அடுத்த நகர்த்தலிலேயே வெட்டிவிட வேண்டும். தவறினால் உரிமை போச்சு.

ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் சேர்த்து நகர்த்தும் காஸ்லிங்கைச் செய்ய விடவில்லையா? ராஜாவோ அந்தப் பக்கத்து யானையோ முன்பு ஒருமுறை நகர்ந்து திரும்பி வந்திருக்கலாம். ராஜா இப்போது செக்கில் இருக்கலாம். அல்லது ராஜா கடந்து போகும் கட்டத்தையோ போய் நிற்கும் கட்டத்தையோ எதிரிக் காய் ஒன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் மூலையில் மறந்துபோன ஒரு பிஷப். யானை தாக்கப்பட்டால் மட்டும் தடையில்லை. அப்போதும் காஸ்லிங் செய்யலாம்.

மூன்றாவது, ஏற்கெனவே ராணி இருக்கும்போதே அதற்கு இன்னொரு ராணி வந்துவிட்டது என்ற புகார். சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் வெட்டுப்பட்ட காய்தான் திரும்பக் கிடைக்கும் என்பது வீட்டு விதி. உண்மையில் ஒன்பது ராணிகள்கூட இருக்கலாம்.

அறிகுறி: பத்துப் பதினைந்து நகர்த்தலுக்குள் ஒரு காய் போய்விடுகிறது

இதுதான் பெரும் வியாதி. புதிதாக ஆடுகிறவர்களின் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றில் அடங்கிவிடும். தொடக்க ஆட்டப் புத்தகம் வாங்க ஓடாதீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். செயலிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஆட்டக்காரரை 'பாட்' என்பார்கள். தந்திரக்காரன் என்று பட்டம் சூட்டிய ஒரு பாட் எதிரியுடன் வெள்ளையில் ஆடினேன். நான் சிப்பாயை இ4, அது இ5. நான் குதிரை எஃப்3, அது குதிரை சி6. நான் பிஷப் சி4. அது சி6 குதிரையைத் தூக்கி டி4-இல் வைத்தது. பார்த்தால் இ5-இல் சிப்பாய் காவலில்லாமல் நிற்கிறது! ஓசிக்கு வந்ததை விடுவேனா, குதிரையால் வெட்டினேன். அது ராணியை ஜி5-க்குக் கொண்டுவந்தது. என் குதிரைக்கும் ஜி2 சிப்பாய்க்கும் ஒரே நேரத்தில் குறி. நான் சளைக்கவில்லை. எஃப்7-ஐக் குதிரையால் வெட்டினேன். ராணி, யானை இரண்டையும் ஒருசேரத் தாக்கிவிட்டேன் என்று பெருமை வேறு. அது ராணியால் ஜி2-ஐ வெட்டி என் யானையை மிரட்டியது. யானையை எஃப்1-க்கு நகர்த்தினேன். ராணி இ4-ஐ வெட்டிச் செக். பிஷப்பை இ2-இல் குறுக்கே வைத்தேன். டி4 குதிரை எஃப்3-இல் வந்து இறங்கியது. மேட். என் ராஜாவைச் சுற்றி என் காய்களே சுவர் கட்டி நின்றன. இ2 பிஷப் அந்தக் குதிரையை வெட்டலாமே என்று பார்த்தால், பிஷப் நகர்ந்தால் ராணியின் செக் திறந்துவிடும். ஏழே நகர்த்தல்.

இந்தப் பொறிக்கு பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட் என்று பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. பெயரைத் தெரிந்துகொண்டதால் நான் தேறிவிடவில்லை. நான்காவது நகர்த்தலில் 'அந்தக் குதிரை ஏன் டி4-க்கு வந்தது?' என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அந்தக் குதிரையை என் குதிரையால் வெட்டியிருந்தாலே நல்ல ஆட்டம்.

சிகிச்சை இதுதான். எதிரி நகர்த்தியதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். 'இந்தக் காய் இப்போது எதைப் பார்க்கிறது? இது நகர்ந்ததால் பின்னால் எந்த வழி திறந்தது?' என்று கேளுங்கள். பிறகு உங்கள் நகர்த்தலை யோசியுங்கள். முடிவு செய்ததும், காயைத் தொடுவதற்கு முன்பு, அந்த நகர்த்தல் நடந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு எதிரியின் நாற்காலியில் போய் உட்காருங்கள். அங்கிருந்து முதலில் செக் எல்லாவற்றையும் பாருங்கள், அடுத்து வெட்டு எல்லாவற்றையும், கடைசியில் மிரட்டல்களை. இதை வாய்விட்டே சொல்லுங்கள். முதல் பத்து நாள் சித்திரவதையாக இருக்கும். எங்கள் வீட்டில் நான் போனோடு பேசுகிறேன் என்று சிரித்தார்கள்.

ஒரு கட்டத்தில் காய்கள் மோதும்போது எண்ணிப் பார்க்கவும் பழகுங்கள்: எத்தனை பேர் தாக்குகிறார்கள், எத்தனை பேர் காக்கிறார்கள், யார் முதலில் போகிறார்கள். சிப்பாய் 1, குதிரையும் பிஷப்பும் 3, யானை 5, ராணி 9 என்ற கணக்கை வைத்துக்கொண்டால் போதும். நுணுக்கங்கள் பின்னால் வரும்.

இவ்வளவும் செய்தும் காய் போகும். அதற்காக மனம் உடைய வேண்டாம். 2006-இல் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் எஞ்சினோடு ஆடிய விளாதிமிர் கிராம்னிக், அப்போதைய உலக சாம்பியன், ஒரே நகர்த்தலில் விழும் மேட்டைப் பார்க்காமல் விட்டார். எச்7-இல் ராணி வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

அறிகுறி: ராணி சீக்கிரம் வந்து நாலு நகர்த்தலில் மேட்

முரட்டுத்தனமான பாட்கள் சிலவற்றுக்கும் எல்லாச் சிறுவர்களுக்கும் பிடித்த வித்தை. எஃப்7 கட்டத்துக்கு ஆரம்பத்தில் ராஜா மட்டுமே காவல், அங்கேதான் குறி. நீங்கள் கறுப்பு. இ4, இ5 ஆனதும் ராணி எச்5-க்கு வருகிறது. பதறிப்போய் ஜி6 சிப்பாயைத் தள்ளி விரட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்: ராணி இ5-ஐ வெட்டிச் செக் கொடுக்கும், கூடவே எச்8 யானையும் போகும். முதலில் குதிரை சி6, இ5-க்குக் காவல். பிஷப் சி4-க்கு வந்த பிறகு ஜி6. ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மறுபடி எஃப்7-ஐப் பார்க்கும். குதிரை எஃப்6 என்று மறைத்துவிடுங்கள். இப்போது உங்களுக்கு இரண்டு குதிரை வெளியே, அதற்கு ஒரு ராணி அலைந்துகொண்டிருக்கிறது. நல்ல பேரம்.

அறிகுறி: கம்ப்யூட்டர் பிரமாதமாக ஆடுகிறது, திடீரென்று ராணியைத் தூக்கிக் கொடுக்கிறது

ஜெயிக்கிறீர்கள், ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. அப்படித் தோன்றினால் அது சரியான உணர்வுதான்.

1997-இல் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்று வென்ற ஐபிஎம் கம்ப்யூட்டர் டீப் ப்ளூ விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசியது. இன்று உங்கள் போனில் இலவசமாக ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் அதைவிடப் பலசாலி. அப்படிப்பட்டதை நமக்குச் சமமாக இறக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? ஸ்டாக்ஃபிஷில் 0 முதல் 20 வரை திறன் அளவு ஒன்று உண்டு. அதைக் குறைத்தால், தனக்குத் தெரிந்த நல்ல நகர்த்தல்கள் சிலவற்றை எடுத்துவைத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல அவற்றில் கொஞ்சம் மோசமான ஒன்றை ஆடும். அளவு குறையக் குறைய மோசம் கூடும். அதாவது அது மறக்கவில்லை, களைக்கவில்லை, பேராசைப்படவில்லை. நல்ல மேஸ்திரியிடம் 'இடையிடையே ஒரு செங்கலைக் கோணலாக வை' என்று சொன்ன மாதிரி. சுவர் கோணலாகத்தான் இருக்கும். ஆனால் கற்றுக்குட்டி கட்டிய சுவர் கோணுவது வேறு விதம்.

இதனால் நமக்கு என்ன நஷ்டம்? காத்திருந்தால் தானாக ஒரு காய் வரும் என்று மனம் பழகிவிடும். திட்டம் போடுவதை விட்டுவிடுவோம்.

மாற்று உண்டு. டொரான்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவும் சேர்ந்து 2020-இல் மையா என்ற எஞ்சினை வெளியிட்டன. ஜெயிப்பதற்கு அல்ல, அந்தந்தத் தரத்து மனிதர் அந்த இடத்தில் என்ன ஆடுவார் என்று ஊகிப்பதற்கு அதைப் பழக்கினார்கள். லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய லட்சக்கணக்கான ஆட்டங்கள்தான் அதற்குப் பாடம்; ரேட்டிங் என்ற ஆட்ட பலத்தின் எண்ணில் 1100 முதல் 1900 வரை தரத்துக்கு ஒன்றாகச் செய்தார்கள். லிசெஸில் மையா1, மையா5, மையா9 என்ற பெயர்களில் அதோடு ஆடலாம். அது விடும் தவறு நம் தவறு மாதிரியே இருக்கும்: எதிரில் இருக்கும் மிரட்டலைப் பார்க்காமல் தன் தாக்குதலில் மூழ்குவது, பின்னோக்கி நகரும் குதிரையைக் கவனிக்காமல் விடுவது. தொடக்கமும் நடு ஆட்டமும் பழக எனக்கு இதுதான் சரிப்பட்டது.

அறிகுறி: ஒரு நிலையில் எப்போதும் ஜெயம், அடுத்த நிலையில் எப்போதும் தோல்வி

லிசெஸில் ஸ்டாக்ஃபிஷுக்கு எட்டுப் படிகள். மூன்றில் தூங்கிக்கொண்டே ஜெயிப்பேன், நான்கில் மூச்சுவிட முடியாது என்று ஒரு காலம் இருந்தது. படிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி நம் காலுக்கு ஏற்ப அமைந்ததல்ல. பாட் எதிரியின் பெயருக்குப் பக்கத்தில் 1200 என்று போட்டிருந்தால் அதையும் மனிதரின் 1200 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மோதி மோதிப் பார்ப்பதைவிட, காயைக் குறைத்து ஆடுவது நல்லது. போர்டு எடிட்டர் என்ற பகுதியில் போய் கம்ப்யூட்டரின் ராணியை எடுத்துவிடுங்கள். இப்போது இரண்டு படி மேலே உள்ள நிலையோடு ஆடுங்கள். ராணி அதிகம் இருக்கிறதே, ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைப்பீர்கள். முதல் சில ஆட்டங்களில் அந்த ராணியையும் சேர்த்துத் தோற்பீர்கள், நான் தோற்றேன். ஏன் என்றால் காய் அதிகம் இருக்கும்போது எப்படி ஆட வேண்டும் என்று நமக்குத் தெரியாது. அப்போது காய்க்குக் காய் மாற்ற வேண்டும், சிப்பாய்களைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அழகான தாக்குதலுக்கு ஆசைப்படக் கூடாது. கடை வீதியில் சில்லறை மாற்றுகிற மாதிரி சலிப்பான வேலை. அதுதான் வேலை. ராணி இல்லாத எதிரியை மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தால் ராணியைத் திருப்பிக் கொடுத்து ஒரு யானையை எடுங்கள். பிறகு குதிரை. குதிரை இல்லாத ஆறாம் படியோடு நான் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அறிகுறி: ஜெயிக்க வேண்டிய ஆட்டம் டிராவாகிறது

ராணியும் ராஜாவும் நம்மிடம், எதிரியிடம் தனி ராஜா. ஐந்து நிமிடம் துரத்துகிறோம். திடீரென்று திரையில் 'டிரா'. போனைத் தரையில் அடிக்கத் தோன்றும்.

காரணம் மூன்றில் ஒன்று. எதிரிக்கு நகர்த்த இடமே இல்லை, ஆனால் செக்கும் இல்லை: ஸ்டேல்மேட். ஒரே நிலை மூன்று தடவை வந்துவிட்டது. தோற்கிற எஞ்சின் இதற்காகவே அலையும். அல்லது எதுவும் வெட்டுப்படாமல், சிப்பாயும் நகராமல் இரு பக்கமும் 50 நகர்த்தல் ஆகிவிட்டது. ராணியை வைத்து மேட் செய்ய, கச்சிதமாக ஆடினால், எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 10 நகர்த்தல் போதும். யானை என்றால் 16. ஆகவே 50 தாண்டுகிறது என்றால் முறை தெரியவில்லை என்று அர்த்தம்.

முறையைச் சொல்கிறேன், பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். ராணியை எதிரி ராஜாவிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் வையுங்கள். செக் கொடுக்காதீர்கள். அந்த ராஜா எந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறதோ, ராணியையும் அதே திசையில் அதே அளவு நகர்த்துங்கள். நிழல் மாதிரி. ராஜா தானாகவே ஓரத்துக்கும் மூலைக்கும் ஒதுங்கும்.

இப்போது ஆபத்தான இடம். எதிரி ராஜா எச்7-இல், உங்கள் ராணி ஜி5-இல். ராஜா எச்8 மூலைக்குப் போகிறது. கை பழக்க தோஷத்தில் ராணியை ஜி6-க்கு நகர்த்தினால் முடிந்தது: ஜி7, ஜி8, எச்7 மூன்றும் ராணியின் பிடியில், எச்8-க்கு மட்டும் செக் இல்லை. ஸ்டேல்மேட். என் முதல் பத்து ராணி முடிவுகளில் குறைந்தது ஐந்து இந்த ஒரே படம்தான். ராஜா மூலையைத் தொட்டதும் ராணி நிற்க வேண்டும். ஜி5-இலேயே இருக்கட்டும். அங்கிருந்தே எதிரி ராஜா எச்7, எச்8 இரண்டு கட்டத்துக்குள் சிறைப்பட்டுவிட்டது. அது அங்கும் இங்கும் ஆடிக்கொண்டிருக்கும். நீங்கள் உங்கள் ராஜாவை நிதானமாக நடத்தி எஃப்7-க்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் ராணி ஜி7. மேட்.

இதைப் பழகும்போது மட்டும் கம்ப்யூட்டரை முழு பலத்தில் வையுங்கள். மேலே சொன்னதற்கு நேர் மாறாக இருக்கிறதே என்றால், ஆமாம். முடிவாட்டத்தில் எதிரி எவ்வளவுக்கெவ்வளவு பிடிவாதமாகத் தப்பிக்கிறதோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது. மனிதர் யாரும் இருபது தடவை தனி ராஜாவை வைத்துக்கொண்டு சலிக்காமல் நம்மிடம் அடி வாங்க வரமாட்டார். இயந்திரம் வரும். கம்ப்யூட்டரால் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எடிட்டரில் ராஜா, ராணி. அது தேறியதும் ராஜா, யானை. பிறகு ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும். தினம் ஐந்து நிமிடம்.

அறிகுறி: ஆட்டம் முடிந்து அலசிப் பார்த்தேன், ஒன்றும் ஏறவில்லை

எல்லோரும் செய்வது: ஆட்டம் முடிந்ததும் அலசல் பொத்தானை அழுத்துவது, சிவப்புக் குறிகளை எண்ணுவது, 'அடடா' சொல்வது, அடுத்த ஆட்டம். அதில் படிப்பதற்கு ஒன்றுமில்லை. மதிப்பெண் பட்டியல் மட்டும்தான்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ், ஏறக்குறைய 2500 ரேட்டிங் வரும் வரை எஞ்சினைப் பயன்படுத்தாமல் வளர்ந்தவர். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா எடுத்த முடிவு அது. நாம் குகேஷ் ஆகப்போவதில்லை, எஞ்சினைத் துறக்கவும் வேண்டாம். பதினைந்து நிமிடமாவது அதைத் தள்ளிப்போடலாம்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும், எதையும் அழுத்துவதற்கு முன்பு, எந்த மூன்று இடங்களில் எனக்குக் குழப்பமாக இருந்தது, அங்கே நான் என்ன நினைத்தேன் என்று எழுதுவேன். '17-ஆவது: பிஷப்பை எடுத்துக்கொண்டால் ராஜா பக்கம் திறந்துவிடுமோ என்று பயந்தேன், எடுக்கவில்லை' என்கிற மாதிரி. பிறகுதான் எஞ்சின். பெரும்பாலும் நான் குறித்த மூன்று இடங்களில் இரண்டு சரியாகவே இருக்கும். ஆட்டம் போனது நான் குறிக்காத, யோசிக்காமலே கடந்த இன்னொரு இடத்தில் இருக்கும். அது தெரிவதே பெரிய விஷயம்.

எஞ்சினிடம் கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். அது காட்டும் சிறந்த நகர்த்தலை வெறித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அதன் காரணம் எட்டு நகர்த்தல் தள்ளி இருக்கலாம். உங்கள் தவறான நகர்த்தலை ஆடிவிட்டு, எதிரிக்காக அது என்ன பதில் தருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு நகர்த்தலில் குட்டு வெளிப்பட்டுவிடும். எஞ்சின் சிப்பாய்க் கணக்கில் காட்டும் மதிப்பீடு +0.4 இருந்தது +0.1 ஆனதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அரைச் சிப்பாய்கூட இல்லை. 2, 3 என்று குதிக்கிற இடங்கள் மட்டும் நம் தரத்துக்குப் போதும்.

அறிகுறி: கம்ப்யூட்டரை ஜெயிக்கிறேன், மனிதரிடம் தோற்கிறேன்

போன வருஷம் எங்கள் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டிக்குத் துணிந்து பெயர் கொடுத்தேன். முதல் ரவுண்டில் எதிரே உட்கார்ந்தது மூன்றாம் வகுப்புச் சிறுமி. நாற்காலியின் மேல் மண்டியிட்டால்தான் அவளுக்குப் பலகை எட்டியது. 'அங்கிள், கைகொடுங்க' என்று அவளே ஞாபகப்படுத்தினாள். 24 நகர்த்தலில் முடித்துவிட்டாள்.

யோசித்துப் பார்த்ததில் நாலைந்து காரணம் கிடைத்தது. எல்லாம் செஸ்ஸுக்கு வெளியே இருந்த காரணங்கள்.

முதலாவது கண். தட்டையான திரையில் மேலிருந்து பார்த்தே பழகியவனுக்கு, உண்மையான பலகையில் யானைக்குப் பின்னால் மறைந்து நின்ற பிஷப் தெரியவே இல்லை. இப்போது போனுக்குப் பக்கத்தில் பலகையை வைத்து, கம்ப்யூட்டர் நகர்த்துவதையும் நான் நகர்த்துவதையும் அதிலேயே நகர்த்தி, அதைப் பார்த்தே யோசிக்கிறேன். திரை வெறும் தபால்காரர்.

இரண்டாவது கை. போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். போனில் காயை இழுத்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திரும்ப விட்டுப் பழகிய விரல் அங்கே ராணியைத் தொட்டுவிட்டது. அந்தச் சிறுமி ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தாள். நகர்த்தினேன்.

மூன்றாவது, கம்ப்யூட்டரிடம் முகம் இல்லை. அது தயங்காது, பெருமூச்சு விடாது, தன் ராணியைக் கொடுத்துவிட்டால் சுருண்டு போகாது. மனிதர் நகர்த்தியதும் சட்டென்று கடிகாரத்தை அடித்தால் நமக்கு நடுங்குகிறது. இதற்கு எஞ்சினில் மருந்து இல்லை. வாரம் இரண்டு ஆட்டமாவது ஆளோடு ஆட வேண்டும். நேரில் கிடைக்காவிட்டால் இணையத்தில், முன்பின் தெரியாதவரோடு.

இன்னொன்றும் உண்டு. ஒரே பாட் எதிரியை ஒரே தொடக்கத்தில் திரும்பத் திரும்ப ஜெயித்திருந்தேன். அதன் ஓட்டை எங்கே என்று தெரிந்து அங்கேயே குத்திக்கொண்டிருந்தேன். அது செஸ் அல்ல, பூட்டின் எண்ணை மனப்பாடம் செய்தது. ஓர் எதிரியை மூன்று முறை ஒரே வழியில் ஜெயித்தால் மாற்றிவிடுவது என்று இப்போது வைத்திருக்கிறேன்.

அறிகுறி: தோற்றதும் உடனே இன்னொரு ஆட்டம், மணி ஒன்று

இரண்டு தோல்வி தொடர்ந்து வந்தால் அன்றைக்குக் கடை மூடல். மூன்றாவது ஆட்டத்தை நான் ஒரு தடவைகூட நிதானமாக ஆடியதில்லை, நோட்டைப் புரட்டிப் பார்த்தே சொல்கிறேன். மன உறுதியெல்லாம் என்னிடம் இல்லை. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு மாற்றிவிட்டேன். குளிர்காலத்தில் அவ்வளவு தூரம் எழுந்து போக யாருக்கு மனசு வரும்.